மூன்று இரவுக்கு என்ன வாடகை?

பக்கத்து வீட்டுக்காரரிடம் நஷ்ட ஈடு கேட்பதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்த 3 வாரத்தில், சொந்தக்காரர்கள், நண்பர்கள், ஆபீஸ்காரர்கள் என்று ஒரு பத்துப் பதினைந்து பேரிடம் பேசியிருப்பேன். கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. "தாராளமா கேட்கலாம்" என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்கள். அடுத்த வாக்கியத்தில் குரல் தணிந்துவிடும். "ஆனா, கேட்கணுமா?"

கேட்கலாம், ஆனால் கேட்கணுமா. நம் ஊரில் பெரும்பாலான உரிமைகள் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் காணாமல் போகின்றன என்று நினைக்கிறேன். அதை யாரும் பிடுங்குவதில்லை. நாமே மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறோம். அதற்குப் பெருந்தன்மை என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையின் தெற்குப் புறநகர், ஏரியை ஒட்டிய களிமண் பூமி. எங்கள் வீடு 1984-ல் அப்பா கட்டியது. தூண் கிடையாது, சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. கருங்கல் கடைக்கால். பக்கத்து வீடும் அதே காலத்து வீடுதான். 2022 அக்டோபரில் அதை இடித்தார்கள். மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மேலே இரண்டு போர்ஷன் வேண்டும். நவம்பரில் ஒரு நாள் ஜேசிபி வந்து, எங்கள் காம்பவுண்ட் சுவரை ஒட்டியே 40 அடி நீளத்துக்கு, 7 அடி ஆழத்துக்கு ஒரே மூச்சில் தோண்டிவிட்டுப் போனது. விவரம் தெரிந்தவர்கள் அப்படித் தோண்ட மாட்டார்கள். ஒரு துண்டு தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகு அடுத்த துண்டு என்று விட்டு விட்டுத் தோண்டுவார்கள். அல்லது பள்ளத்தின் பக்கவாட்டில் பலகை அடித்து மண்ணுக்கு முட்டுக் கொடுப்பார்கள். இரண்டும் நடக்கவில்லை. அன்று ராத்திரி மழை பிடித்தது. விடிகாலை 3 மணி வாக்கில் காம்பவுண்ட் சுவர் மண்ணோடு சேர்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம், அம்மா படுக்கும் பின்னறையில், ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் இறங்கியிருந்தது.

படிக்கட்டு மாதிரி என்பதுதான் முக்கியம் என்றார் வந்து பார்த்த இன்ஜினியர். பூச்சு மட்டும் வெடித்தால் கோடு மெல்லியதாகக் கண்டபடி ஓடும். செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு சாய்வாக இறங்கினால் கீழே கடைக்கால் அமுங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பி, பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் போனார். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தமாம். 9-ஆம் நாள் உடைந்தது. அம்மாவை முன்னறைக்கு மாற்றினோம். இன்ஜினியர் போட்டுக்கொடுத்த எஸ்டிமேட் 2,40,000 ரூபாய்.

இவ்வளவுதான் என்றால் இதில் கட்டுரைக்கு ஒன்றுமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அம்மா அவரை "அண்ணே" என்று கூப்பிடுவாள். அதனால் எனக்கு அவர் மாமா. (மாமா என்றால் சீர் செய்கிறவர்தானே, கேட்டால் என்ன என்று என் மனைவி சிரித்தாள்.) 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, 3 இரவு மாமா வீட்டு மாடியில்தான் இருந்தோம். அப்பாவுக்கு அப்போதே நடக்க முடியாது. மாமாவும் அவர் மகனும் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் தெருவைக் கடந்து, படியேறினார்கள். அத்தை இருந்த அரிசியைப் பதினோரு பேருக்கு அளந்து கஞ்சி வைத்தார்.

"அவர் வீட்டுல மூணு நாள் சாப்பிட்டோம்டா. அதுக்கு எவ்ளோன்னு அவர் கணக்கு கேட்டாரா?" என்றாள் அம்மா. இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. அப்பாவைச் சுமந்த கைக்கு எதிராக ஒரு எஸ்டிமேட்டை நீட்டுவது எப்படி?

சித்தப்பா திருக்குறளையே கொண்டுவந்துவிட்டார். செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில் இருக்கிறது: முன்பு நன்மை செய்த ஒருவர் பிறகு கொலைக்கு ஒப்பான கெடுதல் செய்தாலும், அந்த ஒரு நன்மையை நினைத்தாலே கெடுதல் மறைந்துபோகும். "இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். போதாததற்குப் பொறையுடைமையின் முதல் குறள் வேறு. தன்னைத் தோண்டுகிறவனையும் தாங்கிக்கொள்ளும் மண்ணைப் போல இரு என்கிறது. எங்கள் விவகாரத்துக்காகவே எழுதியது போல இருந்தது, தோண்டுவது உட்பட.

சில நாள் இந்த இரண்டையும் யோசித்துக்கொண்டே பஸ்ஸில் போய்வந்தேன். மண் உதாரணத்தில்தான் முதலில் தடுக்கியது. வள்ளுவரின் மண் தோண்டுகிறவனைச் சுமக்கிறது, சரி. எங்கள் மண் சரிந்தது. சரிந்தபோது அதன் மேல் நின்ற சுவர் போனது. நான் மண்ணைப் போலப் பொறுத்துப் போனால் அந்தப் பொறுமையின் விலையை யார் கொடுப்பது? பின்னறையில் படுப்பது நான் இல்லையே. அந்தப் பள்ளத்துக்குள் பகல் முழுக்க நான்கு கூலியாட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் விடிகாலை 3 மணிக்கு விழாமல் மத்தியானம் 3 மணிக்கு விழுந்திருந்தால்? எங்கள் விவகாரத்துக்கு அடுத்த ஆண்டு, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் கட்டுமானத்துக்காகத் தோண்டியிருந்த பெரும் பள்ளத்தின் ஓரம் சரிந்து இரண்டு பேர் உள்ளே சிக்கி இறந்தார்கள்.  என் நஷ்டத்தை நான் பொறுத்துக்கொள்வது என் குணம். அடுத்தவர் தலைக்கு மேல் தொங்குவதை நான் பொறுத்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் கிடையாது.

ஆனால் இது பாதி பதில்தான். பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொல்லி நான் சண்டை போட இது போதும். பணம் கேட்க இது காரணமாகாது. பணத்தைப் பொறுத்தவரை வெள்ளத்து 3 இரவும் அப்படியே நின்றது.

அப்போது எனக்கே ஒரு விபரீதமான கணக்கு தோன்றியது. 2,40,000-ஐ விட்டுவிடுகிறேன் என்று வைத்துக்கொள்வோம். காரணம், அந்த 3 இரவு. அப்படியென்றால் ஓர் இரவுக்கு 80,000 ரூபாய். அந்தக் கஞ்சியும் அப்பாவைச் சுமந்ததும் உள்பட. மாமா அன்று செய்ததற்கு நான் இன்று ஒரு விலை போட்டு, ரசீதும் கொடுத்து, கணக்கை முடித்துவிட்டேன் என்று ஆகிறது. அதற்கப்புறம் நான் அவருக்குக் கடன்பட்டவன் இல்லை. அன்னைக்கு நீங்க செஞ்சீங்க, இன்னைக்கு நான் விட்டுக்கொடுத்தேன், சரியாப் போச்சு.

அம்மா "கணக்கு கேட்டாரா?" என்றபோது கணக்குப் பார்ப்பவன் நான் என்றுதான் நானும் நினைத்தேன். யோசிக்க யோசிக்கத் தலைகீழாகத் தெரிந்தது. கேட்காமல் விடுவதில்தான் கணக்கு இருக்கிறது. உதவியையும் சேதத்தையும் ஒரே நோட்டில் வரவு, செலவு என்று எழுதி ஒன்றை ஒன்றால் கழிக்கிற வேலை அது. மாமா அப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, ஏழு வருஷம் கழித்து ஒரு சுவரை இடிப்பதற்கான முன்பணமாக அதைச் செய்யவில்லை. அதை அப்படி மாற்றுகிற உரிமை எனக்கும் இல்லை. வெள்ளத்தை வெள்ளமாகவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சுவரைத் தனியாகத்தான் பேசியாக வேண்டும்.

சித்தப்பாவின் குறளுக்கும் இதிலிருந்து ஒரு வழி கிடைத்தது. பழைய நன்மையை நினைத்தால் கெடுதல் மறையும் என்றால், மறைவது என் மனசில் இருக்கும் கசப்பு. கடைக்கால் திரும்ப ஏறி நிற்கப்போவதில்லை. ஆகவே போய்க் கேட்கலாம், கசப்பில்லாமல். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம், வாசலில் நின்று கத்தவும் வேண்டாம். இது உரை எழுதியவர்கள் ஒப்புக்கொள்ளும் பொருளா, தெரியாது. எனக்கு அப்படித்தான் உதவியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. என்னிடம் "அனுசரிச்சுப் போ" என்று சொன்ன அந்தப் பத்துப் பதினைந்து பேரில் ஒருவர்கூட மாமாவிடம் போய், "பையன் வீடு போச்சு, நீங்க கொஞ்சம் அனுசரிச்சுக் கொடுங்க" என்று சொல்ல முன்வரவில்லை. அனுசரணை என்பது எப்போதும் சுவர் விழுந்த பக்கத்துக்குத்தான் சிபாரிசு செய்யப்படுகிறது.

மாமா அப்போது அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். அத்தை காபி கொடுத்தார். சர்க்கரை கம்மியாக, எனக்குப் பிடித்த மாதிரி. அதைக் குடித்துக்கொண்டே இதைப் பேச வேண்டியிருந்தது.

"பார்த்தேன் தம்பி. மேஸ்திரிய அன்னைக்கே காய்ச்சி எடுத்துட்டேன். முட்டு குடுடான்னு சொன்னா அவனுக்கு என்ன திமிரு" என்றார் மாமா. "நான் என்ன ஜேசிபி ஓட்டினேனா? வேலையை அவன்கிட்ட ஒப்படைச்சேன். தப்பு பண்ணினது அவன்."

இது உலகத்தின் மிகப் பழைய பதில். 1860-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி தன் ஆலைக்குத் தண்ணீர் தேக்க ஒரு குளம் வெட்டினார். வெட்டும் பொறுப்பைக் கான்ட்ராக்டர்களிடம் விட்டிருந்தார். அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. வேலை செய்தவர்கள் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. குளம் நிரம்பியதும் தண்ணீர் அந்தக் குழிகள் வழியே இறங்கி, பிளெச்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. ஆனாலும் 1868-ல் பிரபுக்கள் சபை அவர்தான் ஈடு கொடுக்க வேண்டும் என்றது. தன் லாபத்துக்காகத் தன் இடத்தில் ஆபத்தைக் கொண்டுவந்து வைத்தவன், அது வேலி தாண்டினால் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நான் விரும்புவது அதற்கு ஆறு ஆண்டு கழித்து நம் பக்கத்திலிருந்து போன வழக்கை. அப்போதைய சென்னை மாகாணத்தில், இன்றைய ஆந்திரத்தின் சித்தூர் பக்கம், கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து மதராஸ் ரயில்வேயின் பாதையைச் சேதப்படுத்தின. ரயில்வே கம்பெனி லங்காஷயர் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஜமீன்தார் பணம் கட்ட வேண்டும் என்றது. 1874-ல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் மறுத்துவிட்டது. ரைலண்ட்ஸின் குளம் ஒருவரின் சொந்த வசதிக்கு வெட்டியது. இந்த ஏரிகள் பழங்காலம்தொட்டு இருப்பவை. சாகுபடியும் ஜனங்களின் பிழைப்பும் இவற்றை நம்பி இருக்கின்றன. இவற்றைக் காப்பாற்றி வைப்பது ஜமீன்தாரின் கடமை. அவர் பக்கம் கவனக்குறைவு இல்லாதவரை கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள்.

ஏரிக்கரையில் வீடு கட்டிக்கொண்டு இதைப் படிக்கும்போது எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். பக்கத்து வீட்டிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் பில் போட முடியாது. கல்யாணத்துக்குப் பந்தல்காரன் நம் சுவரில் ஆணி அடிப்பான். சாவு வீட்டுப் பறை ராத்திரி முழுக்கக் கேட்கும். அவர்கள் வேப்பமரத்து இலை நம் மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயை அடைக்கும். இதெல்லாம் ஏரி கணக்கு. நாளைக்கு என் வீட்டிலும் கல்யாணம் வரும், சாவு வரும். மாற்றி மாற்றித் தாங்கிக்கொள்வோம். ஆனால் மகனுக்கு இரண்டு போர்ஷன் எழுப்புவது, எவ்வளவு நியாயமான ஆசையாக இருந்தாலும், குளம் கணக்குதான். லாபம் ஒரு பக்கம், பள்ளம் இரண்டு பக்கம்.

மாமாவிடம் லங்காஷயரையா சொல்ல முடியும்? "மேஸ்திரி யாருன்னே எனக்குத் தெரியாது மாமா. உங்களைத்தான் தெரியும்" என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்க வீடும் பழசு தம்பி. நாப்பது வருஷம் ஆகப்போகுது. பில்லர் போட்டுக் கட்டியிருந்தா இது நடந்திருக்காது" என்றார்.

இதை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. சட்டமே இந்தக் கேள்வியில் கொஞ்சம் தயங்குகிறது. 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டம் சென்னை மாகாணத்தில் ஆரம்பத்திலிருந்தே அமலில் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது: ஒருவருடைய நிலத்துக்குப் பக்கத்து நிலம் இயற்கையாகக் கொடுக்கும் ஆதாரத்தை அவர் இழக்காமல் இருக்க உரிமை உண்டு. ஆனால் நிலத்துக்கு, அதுவும் இயற்கையாக இருக்கும் நிலையில். மேலே கட்டிய வீட்டின் பாரத்தைப் பக்கத்து மண் சுமக்க வேண்டும் என்று தானாக ஓர் உரிமை வந்துவிடாது. அதற்கு 15-ஆம் பிரிவு. 20 ஆண்டுகள் தடையில்லாமல், தகராறில்லாமல், உரிமையாக அந்த ஆதாரத்தைப் பெற்றுவந்திருந்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு உரிமை இருக்கிறது என்ற சந்தோஷத்தைவிட வேறு ஒன்றுதான் மனதில் நின்றது. 1984-லிருந்து எங்கள் வீடு தன் மண்ணில் மட்டும் நிற்கவில்லை. மாமாவின் மண் பக்கவாட்டில் அணைத்துப் பிடித்திருந்ததால் நின்றது. யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. பத்திரத்தில் நாலு எல்லைகளையும் எழுதி, இதற்கு உட்பட்டது என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வீட்டின் பாரம் அந்த எல்லையை மதிப்பதில்லை. நான் மாமாவிடம் கேட்கப்போனது இந்தச் சார்பை வைத்துத்தான். அந்நியரின் மண்ணாக இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

பழசு என்பதில் நியாயமும் இருந்தது. இன்ஜினியரிடம் முன்பே பேசிவைத்திருந்தேன். எஸ்டிமேட்டில் 70,000 ரூபாய், வீடு முன்பிருந்ததைவிடப் பலமாக்கும் வேலைக்கு. அது எங்கள் செலவு. இடிந்ததைத் திரும்ப எழுப்பவும் கடைக்காலுக்கு அடியில் கான்கிரீட் கொடுக்கவும் 1,70,000. அதைத்தான் கேட்டேன். தொகையைச் சொன்னதும் அத்தை உள்ளேயிருந்து வந்தார்.

"ஏம்ப்பா, வெள்ளத்துல மூணு நாளு..."

"அதை ஏன் இப்ப இழுக்கற?" என்று மாமா சட்டென்று வெட்டினார். என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தபடி, "அது வேற" என்றார்.

நான் மூன்று வாரம் பஸ்ஸில் போட்டுக் குழப்பிக்கொண்டது அவருக்கு இரண்டு சொல்லுக்கு மேல் தேவைப்படவில்லை. அந்த நிமிஷத்தில் பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிடத் தோன்றியது. சொல்லியிருந்தால் அவர் சொன்னது பொய்யாகியிருக்கும்.

மூன்று தவணை என்று முடிவானது. காம்பவுண்ட் சுவரை அவரே கட்டிக்கொடுப்பது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாள் அம்மாவுக்குப் பிடிக்கவேயில்லை. "அண்ணன் வாய்ச்சொல் போதாதா?" என்றாள். எனக்கு வேண்டியிருந்தது. நாளைக்கு மாமா இல்லாத காலத்தில், அவர் மகனும் நானும் இதே சுவரைப் பற்றி எங்கே ஆரம்பிப்பது என்று நிற்கக்கூடாது.

கேட்டதால் உறவு பலப்பட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பிப்ரவரியில் கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது, அடுத்த தெருவிலிருந்து. வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் வந்து அழைத்திருக்க வேண்டிய வீடு. அம்மா கவரைப் பிரிக்காமல் டிவி மேல் வைத்துவிட்டு அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. கல்யாணத்துக்குப் போனோம். நான் எழுதச் சொன்னதைப்போல இரண்டு மடங்கு மொய் எழுதினாள். மாமா மேடையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டு போட்டோவுக்கு நிறுத்தினார். அத்தை சிரிக்கவில்லை. மூன்றாவது தவணை 20 நாள் தாமதமாக வந்தது. அவரே கொண்டுவந்து கொடுத்தார், வாசலில் நின்றபடியே.

மே மாதம் ஒரு காலையில் கேட் சத்தம் கேட்டது. மாமா லுங்கியோடு, கையில் டேப்போடு நின்றிருந்தார்.

"தண்ணித் தொட்டி தோண்டணும் தம்பி. நாளைக்கு ஆள் வருது. எங்க போடலாம்னு நீயும் வந்து பாரேன்."

புதுச் சுவரின் ஓரத்தில் டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடம்வரை அவர் இழுத்துப் பார்த்தார். 5 அடி வந்தது.

"காணாது, இல்ல?"

"காணாது மாமா."

அவர் செருப்பாலேயே கோட்டை அழித்துவிட்டு, இன்னும் நாலு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.